பாட்டிமார் கும்மி கொட்டட்டும்!

(ஆனைக்குட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்று கும்மியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்னால் உட்கார்ந்திருக்கும் வாலிபர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், திண்ணையில் முடங்கிக் கிடக்கும் அப்பத்தாவின் கையைப் பிடித்து மந்தைக்கு அழைத்து வருவார்களானால், அந்தச் சிரிப்பை நாம் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் டாக்டர் அல்ல. பத்தாவதுக்கு மேல் படித்ததும் இல்லை. ஆனால் ஊர் ஊராகப் போகிறவர்கள். வீட்டுக்கு வீடு வயதானவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறவர்கள். பார்த்ததை வைத்துக்கொண்டு, படித்தவர்களிடம் கேட்டு, ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியதைத் தெரிந்துகொண்டு வந்து உங்களிடம் சொல்கிறோம்.

குழாயடியில் விழுந்த அம்மாள்

பக்கத்து ஊரில் ஒரு அம்மாள் இருக்கிறார். பெயர் வேண்டாம். எழுபதைத் தாண்டியவர். சிறு வயதில் காட்டில் பருத்தி எடுத்தார். பிறகு முப்பது வருஷம் பயராபீசில் சரம் பின்னினார். காலை மடக்கி, குனிந்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதே இருப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் குழாயடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. "இனிமேல் எங்கேயும் போகாதே, விழுந்து தொலைக்காதே" என்று வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். அன்போடு சொன்னதுதான்.

அவர் உட்கார்ந்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். கால் சூம்பியது. எழுந்தால் தள்ளாட்டம். அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்தார். பேத்தியின் பெயரை மகளுக்குச் சொல்லிக் கூப்பிட்டார். "வயசாகிப் போச்சு, அவ்வளவுதான்" என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது.

பங்குனியில் முளைப்பாரி வந்தது. முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மி கொட்டினார்கள். இந்த அம்மாளைக் கொண்டுவந்து ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பாட்டு நடுவில் நின்று போயிற்று. அடுத்த அடி கொட்டுகிற பெண்களுக்குத் தெரியவில்லை. ஓரத்திலிருந்து அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தார்! பிறகு பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு சுற்று வந்தார். தப்பில்லாமல் அடி வைத்தார்.

இதை அற்புதம் என்று சொல்ல நாம் வரவில்லை. மறுநாளும் அவர் உலையை மறந்தார். ஆனால் அன்று முதல் சாயங்காலத்தில் நாலைந்து பெண்கள் அவர் வாசலுக்குப் போய்ப் பாட்டுக் கேட்டார்கள். அவரையும் எழுப்பி நடக்க வைத்தார்கள். இன்று அவர் கோலூன்றிக் கடைக்குப் போய் வருகிறார். மறதி முழுதும் போகவில்லை. ஆனால் வீட்டில் அடைந்து கிடந்த கிழவி அல்ல அவர், ஊருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் அப்பத்தா. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இன்று யோசிக்க வேண்டும்.

மெஷினும் உடம்பும்

ஆலைத் தோழர்களுக்கு மெஷினைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் ஓட ஓடத் தேயும். உடம்பு அப்படி அல்ல; அது ஓடாமல் கிடந்தால் தேயும். வயதானவரை ஒரு வாரம் படுக்கையில் போட்டுப் பாருங்கள், தொடைச் சதை கரைவது கண்ணுக்கே தெரியும்.

சதைக்கு உள்ள நியாயம் மூளைக்கும் உண்டு. நம் உடம்பின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இதயம் நன்றாக அடித்து, ரத்தக் குழாய் கெடாமல் இருந்தால்தான் அந்தப் பங்கு மூளைக்குப் போய்ச் சேரும். நடந்தால், ஆடினால், கையைக் காலை வீசினால் இதயத்துக்குப் பழக்கம் ஏற்படுகிறது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஓரளவு கட்டுப்படுகின்றன. கால் அசைவதால் தலைக்கு நன்மை என்பது இப்படித்தான்.

இன்னொரு விஷயம். வயதானவர் ஒருவர் நடந்து வருகிறார். "என்ன பாட்டையா, எங்கே கிளம்பினீங்க?" என்று கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டுமானால் அவர் நின்று விடுகிறார். நின்று பதில் சொல்லி, பிறகு நடக்கிறார். இதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். 1997-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே கவனித்து எழுதினார்கள். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுகிற முதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் விழுவது அதிகமாக இருந்தது. காரணம் என்ன? நடப்பது ஒரு வேலை, பேசுவது ஒரு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய மூளை திணறுகிறது. திணறுகிற நேரத்தில் கல் தடுக்கினால் விழ வேண்டியதுதான்.

கும்மியைப் பாருங்கள். கால் அடி வைக்கிறது, கை கொட்டுகிறது, வாய் பாடுகிறது, அடுத்த அடி என்ன என்று மனம் தேடுகிறது, முன்னால் போகிறவள் மேல் இடிக்காமல் கண் பார்க்கிறது, குனிந்து நிமிர்ந்து திரும்பும்போது உடம்பு நிலை தவறாமல் நிற்கிறது. ஐந்தாறு வேலை, ஒரே நேரத்தில்! பேசினால் நின்று போகிற காலுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? ஒயிலாட்டத்தில் தாளம் மாறினால் அடி மாற வேண்டும். வரிசை கலையக் கூடாது. தேவராட்டத்தில் தேவதுந்துபியின் கொட்டுக்குத் தகுந்தபடி கால் போக வேண்டும். காலால் செய்கிற கணக்கு என்றே இவற்றைச் சொல்லலாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல வருஷம் கவனித்தார்கள். டாக்டர் ஜோ வர்கீசும் உடன் வேலை செய்தவர்களும் அதன் முடிவை 2003-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அந்த 469 பேரில் யாருக்கும் மறதி நோய் இல்லை. பின்னால் 124 பேருக்கு வந்தது. யாருக்கு வரவில்லை என்று பார்த்தால், புத்தகம் படிப்பவர்கள், காய் நகர்த்தி விளையாடுகிறவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், நடனம் ஆடுகிறவர்கள் ஆகியோரிடம் நோய் குறைவாக இருந்தது. உடம்பை அசைக்கும் பழக்கங்களில் இப்படித் தனித்து நின்றது நடனம் ஒன்றுதான்.

இதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்தவர்கள் ஆடினார்களா? நியாயமான கேள்வி. கவனித்துப் பார்த்த ஆராய்ச்சி மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. ஆட வைத்துப் பார்க்க வேண்டும்.

அதையும் செய்தார்கள். முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த மாக்டபர்க் நகரத்தில் 63 முதல் 80 வயது வரையிலான முதியவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் நடனம் கற்றது. அடிகளை அடிக்கடி மாற்றி மாற்றிப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றது சைக்கிள் மிதிப்பது, நடப்பது போன்ற ஒரே மாதிரிப் பயிற்சி செய்தது. 18 மாதம் நடந்தது. 2017-இல் முடிவு வந்தது. ஞாபகத்தைப் பதிய வைப்பதற்கென்று மூளைக்குள் கடல்குதிரை வடிவத்தில் ஒரு பகுதி உண்டு. வயதானால் அது சுருங்கும். இரண்டு கூட்டத்திலும் அதன் சில பாகங்கள் வளர்ந்திருந்தன! ஆனால் தள்ளாடாமல் நிற்கும் திறமை நடனக் கூட்டத்தில்தான் கூடியிருந்தது. கடைசிக் கணக்கில் வந்தவர்கள் 26 பேர்தான், சின்ன ஆராய்ச்சி. ஆனாலும் குழாயடியில் விழுந்த அம்மாளைத் தெரிந்த நமக்கு அது பெரிய செய்தி.

நம் நாட்டிலும் முயற்சி நடந்திருக்கிறது. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தால் கை நடுங்கி, கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்று போகிறவர்களைக் கண்டிருப்பீர்கள். புனே நகரத்தில் நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் இத்தகைய நோயாளிகளுக்கென்றே நடன வகுப்பு நடத்தினார். நோய் தீர்ந்துவிடாது. ஆனால் தாளம் கேட்டால் நின்ற கால் நகர்கிறது. நாலு பேரோடு சேர்ந்தால் மனம் தெளிகிறது.

"உழைக்கிறோமே, போதாதா?"

இப்போது உங்களில் பலர் மனதில் ஓடும் கேள்விக்கு வருகிறோம். "நாங்கள் என்ன நாற்காலியில் உட்கார்ந்தா சாப்பிடுகிறோம்? காலையிலிருந்து களை பிடுங்குகிறோம். மூட்டை தூக்குகிறோம். எங்களுக்கு எதற்குத் தேகப்பயிற்சி? அது கொழுத்த ஆசாமிகளுக்கு!"

தோழர்களே, உழைப்பு வேறு, பயிற்சி வேறு. இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1953-இல் லண்டனில் டாக்டர் ஜெர்மி மாரிஸ் என்பவர் பஸ் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். அது மாடி பஸ். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு படி ஏறி ஏறி இறங்குவார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் பெண்ணும், சரம் பின்னும் பெண்ணும் அந்த டிரைவரைப் போலத்தான். உழைப்பு உண்டு, அசைவு இல்லை. விரல் மட்டும் பறக்கும். இடுப்பும் காலும் மரத்துப் போகும்.

சரி, உடம்பை வருத்தி உழைக்கிறவர்கள் தப்பினார்களா? அதுவும் இல்லை. டென்மார்க்கில் கம்பெனிகளில் வேலை செய்த 4,721 ஆண்களை 1970-களிலிருந்து கவனித்து வந்தார்கள். 2020-இல் வெளியான முடிவு என்ன சொல்கிறது? உட்கார்ந்து வேலை செய்தவர்களைக் காட்டிலும் கடினமான உடலுழைப்புச் செய்தவர்களுக்கு மறதி நோய் 55 சதவீதம் அதிகமாக வந்தது! பாரம் தூக்குகிறவனுக்கு எப்போது நிறுத்துவது என்பது அவன் கையில் இல்லை. அதே இடுப்பு, அதே தோள். எட்டு மணி, பத்து மணி. ரத்தக் கொதிப்பு ஏறிய உடம்புக்கு இறங்க நேரமில்லை. உறக்கம் போதாது. சாப்பாடு போதாது. இதெல்லாம் சேர்ந்து அடிக்கிறது.

ஆக, ஓயாத இருப்பும் கெடுதல். ஓயாத பாரமும் கெடுதல். உடம்பு கேட்பது மூன்றாவது ஒன்று. பல விதமாக அசைய வேண்டும். வேண்டும்போது நிறுத்த வேண்டும். மனமும் அதில் கலந்துகொள்ள வேண்டும். கும்மியில் களைத்தவள் ஒதுங்கி நின்று தண்ணீர் குடிக்கலாம். கூலி பிடிக்க அங்கே ஆள் இல்லை! நாற்று நட்டவர்கள் ஏன் பாடிக்கொண்டு நட்டார்கள்? பொழுது சாய்ந்ததும் களைத்த உடம்போடு ஏன் மந்தையில் கூடினார்கள்? தங்கள் உடம்பைத் தங்களுக்கென்று கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான்.

நமக்கே ஏன் அதிகம்?

நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் உண்டு, மொத்தம் 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். அப்படியானால் அது யாரைப் பற்றிய கணக்கு? நம் அப்பத்தாவையும் அம்மாச்சியையும் பற்றிய கணக்கு!

2024-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு, இந்நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைச் சொல்லியது. படிப்பின்மை, காது மந்தம், கண் பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி, அசைவின்மை, மனச்சோர்வு, தனிமை, கெட்ட காற்று, தலையில் அடி ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்தால் ஏறக்குறைய பாதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறார்கள். ஆலைத் தோழர்களே, ஸ்பின்னிங் இரைச்சலில் காது போன பெரியவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்? காது போனால் பேச்சுப் போகிறது. பேச்சுப் போனால் கூட்டுப் போகிறது. தனியே உட்கார்ந்த மனிதரின் மூளைக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஆகவே கும்மி ஒன்றே போதும் என்று நாம் சொல்லவில்லை. காதுக்குக் கருவியும், கண்ணுக்குக் கண்ணாடியும், கொதிப்புக்கு மாத்திரையும் வேண்டும். ஆனால் அசைவின்மை, தனிமை, சோர்வு ஆகிய மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் விரட்டுவது எது என்றால், அது மந்தையில் கூடும் ஆட்டந்தான். அதற்குக் காசும் வேண்டாம்.

"விழுந்தால் யார் பொறுப்பு?"

பயப்படுகிற மகன் கேட்கிறார்: "ஆடி விழுந்து இடுப்பு முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே போவது?" இது நியாயமான பயம். தினக்கூலி வாங்குகிறவன் வீட்டில் ஒரு எலும்பு முறிவு என்றால் ஒரு வருஷக் கடன். ஆகவே எடுத்த எடுப்பில் குதிக்கச் சொல்லவில்லை.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கை கொட்டிக் கால் தட்டட்டும். பிறகு நாற்காலி முதுகைப் பிடித்து எழுந்து உட்காரட்டும், பத்துத் தடவை. பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் சற்று நிற்கட்டும். பிறகு இருவர் கைகோத்து மெதுவாக ஒரு சுற்று. பேரன் பேத்தி பக்கத்தில் நிற்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு முட்டல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தொடங்கும் முன் ரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

விழுவார் என்று பயந்து உட்கார வைத்தால், சதை கரைந்து, நிச்சயமாக ஒரு நாள் விழுவார். பயம் காப்பாற்றாது, பழக்கம்தான் காப்பாற்றும்.

இன்னொரு தடை வெட்கம். "கிழவிக்கு ஆட்டம் கேட்குதா?" என்கிற நாக்கு ஊரெங்கும் உண்டு. சீனாவில் சாயங்காலம் ஆனால் நகரச் சதுக்கங்களில் வயதான பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். கியூபாவில் 1980-களில் குடும்ப டாக்டர் திட்டத்தோடு 'தாத்தா பாட்டி வட்டங்கள்' ஏற்பட்டன. முதியவர்கள் பூங்காவில் கூடித் தேகப்பயிற்சி செய்தார்கள். அங்கெல்லாம் வெட்கமில்லை. நமக்கு என்ன வெட்கம்? முளைப்பாரியில் கொட்டினால் பக்தி, சாதாரண நாளில் கொட்டினால் கேலியா?

என்ன செய்யலாம்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் சொன்ன கணக்கு இது: வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான அசைவு, முதியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது நிலை தவறாமல் நிற்கவும் சதை வலுப்படவும் பயிற்சி. நம் கணக்கில் சொன்னால், வாரத்தில் மூன்று சாயங்காலம், முக்கால் மணி நேரம் மந்தையில். மற்ற நாளில் அணைக்கரைப் பக்கமாகக் கொஞ்ச நடை.

இந்த ஊரிலேயே தொடங்குவோம். மந்தையில் கல்லும் முள்ளும் பொறுக்கித் தரையைச் சமப்படுத்துவது வாலிபர்கள் பொறுப்பு. விளக்கு எரிய வைக்கப் பஞ்சாயத்தில் மனுக் கொடுப்போம். நாலு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர் போதும். பாட்டுச் சொல்வது பாட்டிமார். மாதம் ஒரு புதுப் பாட்டு, ஒரு புது அடி. தெரிந்ததையே திரும்பச் செய்தால் மூளைக்கு வேலை குறையும் என்று பார்த்தோமல்லவா? ஒயிலாட்டம் தெரிந்த பெரியவர்கள் கைக்குட்டையைத் தேடி எடுக்கட்டும். எந்தத் தெருக்காரர் என்று யாரையும் கேட்கக் கூடாது. வட்டம் என்றால் அதில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

ஒன்று மறந்துவிடக் கூடாது. எழுபது வயதிலும் அரை வயிற்றுக் கஞ்சிக்காகக் களை பிடுங்கப் போகிறவளிடம் "வந்து ஆடு" என்று சொல்வது கொடுமை. ஆட வேண்டுமானால் ஓய்வு வேண்டும். ஓய்வு வேண்டுமானால் பென்ஷன் வேண்டும். முதியோர் பென்ஷனில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் என்று வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாநிலப் பணமும் சேர்ந்து 2023-இல் மொத்தம் 1,200 ரூபாயானது. மருந்துக்கே காணாத தொகை. ஆகவே பென்ஷனைக் கேட்பதும் கும்மி கொட்டுவதும் இரண்டு விஷயம் அல்ல, ஒன்றே. ஆயுள் முழுதும் உழைத்துக் கொடுத்தவர்களுக்குக் கடைசிக் காலத்தில் நிமிர்ந்து நடக்கவும், தெளிந்து பேசவும், சிரித்து ஆடவும் உரிமை உண்டு.

வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மந்தைக்கு வாருங்கள். பக்கத்து ஊர் அம்மாளும் கோலூன்றி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த பாட்டுக்கள் பல இன்னும் யாரும் கற்றுக்கொள்ளாமல் இருக்கின்றன. அவர் மறந்துபோவதற்குள் நாம் கற்றுக்கொள்வோம். நாம் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அவரும் மறக்காமல் இருப்பார்!